கரிசலில் இழுக்கும், தாரில் முறுக்கும்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், சக்கரத்தில் அப்புவது சாதாரணச் சேறு அல்ல. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கிடந்த கடலின் அடிவண்டல் அது. அம்மோனைட் ஓடுகளையும் ஜிப்சம் பாளங்களையும் பொதித்து வைத்திருக்கும் அந்தக் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும். டயரின் பட்டன் இடுக்குகளை அடைத்து, சக்கரத்தை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். அரியலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டிலும் இதே பாடுதான். இங்கே ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பது வீம்புக்கு அல்ல.

ஆனால் அதே வண்டி காட்டைத் தாண்டியதும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் ஏறியாக வேண்டும். பழைய ஜீப், ஜிப்சிகளின் டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்றிய புகார்களில் பலவும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. ஸ்டியரிங் இறுகுகிறது, வளைவில் வண்டி துள்ளுகிறது, லிவர் ஃபோரிலிருந்து வர மறுக்கிறது. பெட்டி போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கியர்பெட்டியிலிருந்து வரும் சுழற்சியைப் பின் அச்சுக்கு மட்டும் அனுப்புவதா, முன் அச்சுக்கும் பகிர்வதா என்று முடிவு செய்வது இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ். ‘லோ’வில் போட்டால் வேகத்தை 2 முதல் 2.5 மடங்கு குறைத்து, அதே அளவுக்கு இழுவையைக் கூட்டித் தரும். மகிந்திரா 1940களின் இறுதியிலிருந்து பூட்டிவந்த வில்லிஸ் வகை ஜீப்பில் இது கியர்பெட்டியின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். 1985இல் வந்த மாருதி ஜிப்சியில் தனியாகத் தொங்கும். இடையில் ஒரு குட்டி ஷாஃப்ட். இரண்டிலும் ஒரு குணம் பொது. ஃபோரில் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல ஒவ்வொரு அச்சின் ஹவுசிங்குக்குள்ளும் டிஃபரன்ஷியல் உண்டு. முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் அப்படி எதுவும் கிடையாது.

வளைவில் என்ன நடக்கிறது? ஜிப்சியின் முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 2.375 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் அச்சின் நடுப்புள்ளி ஏறக்குறைய 5.53 மீட்டர் ஆரத்தில் திரும்பும். தெருமுனையில் ஒரு செங்கோணத் திருப்பத்துக்குள் முன் சக்கரங்கள் 80 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியாக வேண்டும். ஷாஃப்டுகளோ ஒரே வேகத்தில்தான் சுழலும். களிமண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் தீர்த்துவிடும். காய்ந்த தார்ச் சாலை வழுக்க விடாது. தீராத பாக்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஷாஃப்டுகளை முறுக்குகிறது. அந்த முறுக்கில் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் லிவர் வருவதில்லை. சுத்தியலைத் தேடாமல், நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் கழன்று வந்துவிடும்.

நேர்ச் சாலையிலும் முறுக்குகிறது என்றால் டயரைப் பாருங்கள். முன்னால் புதுசு, பின்னால் தேய்ந்தது என்று போட்டிருப்பீர்கள். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரில் பட்டன் 5 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு சுமார் 31 மில்லிமீட்டர் குறையும். ஒரு கிலோமீட்டருக்கு முன்னும் பின்னும் 14 மீட்டர் வித்தியாசம். இரண்டு டயரில் மிச்சம் பிடித்த காசை பேரிங் செலவு தின்றுவிடும்.

உண்மையான கோளாறுகளும் உண்டு. அவை எப்போது தலைகாட்டுகின்றன என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஓடும்போது ஊளைச் சத்தம் வருகிறதா? வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, டிரான்ஸ்ஃபர் லிவரை நியூட்ரலில் வையுங்கள். (கல் கட்டாயம். இந்த நியூட்ரலில் வண்டியைக் கியர் தாங்கிப் பிடிக்காது.) எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, கிளட்சை விடுங்கள். வண்டி நகராது, கியர்பெட்டி மட்டும் சுற்றும். அப்போதே ஊளை கேட்டால் சந்தேகம் கியர்பெட்டி மீதோ டிரான்ஸ்ஃபர் கேஸின் நுழைவுப் பக்கத்தின் மீதோ விழும். இங்கே அமைதி, ரோட்டில் மட்டும் சத்தம் என்றால் வெளியேறும் ஷாஃப்டின் பேரிங்கையும் ஹவுசிங்கையும் பார்க்க வேண்டும். ஃபோரில் மட்டும் கேட்டால் முன் பக்கத்தைத் தேடலாம்.

கிளப்பும்போது ‘டங்’கென்று ஒரு அடி. இதற்குப் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன், ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகி, ஜாயின்ட் கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் கிரீஸ் காணாத அந்தச் சிலுவைதான்.

பச்சைமலை இறக்கத்தில் ‘ஃபோர் லோ’ தானாகக் கழன்றுகொள்வது நிஜமான ஆபத்து. எஞ்சின் பிடிப்பு சட்டென்று போய்விடும். பல் முனை மழுங்கியிருக்கலாம், லிவர் நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், தண்டை இடத்தில் நிறுத்தும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இழுக்கும்போது மட்டும் கழன்றால் பல்லின் ஒரு முகம், இறக்கத்தில் மட்டும் என்றால் மறுமுகம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் முதலில் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள். ரப்பர் செத்துவிட்டால் பெட்டி ஆடும். லிவர் தரைத்தகட்டில் இடித்துத் தானே வெளியே வரும்.

ஃபோரில் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை என்றால் முன் ஹப்புகள் லாக்கில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். லிவருக்குப் பதில் சுவிட்ச் வைத்த சஃபாரி, ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டிகளில் ஃபியூஸும் எலி கடித்த ஒயரும்கூடக் காரணமாகலாம்.

எந்தச் சோதனையைவிடவும் எண்ணெய் பேசுவது அதிகம். பால் போல வெளுத்திருந்தால் ஓடைத் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துணுக்கு மினுமினுத்தால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. வில்லிஸ் வகை ஜீப்பில் ஒரு வேடிக்கை உண்டு: நடுவிலுள்ள அடைப்பு தேய்ந்தால் கியர்பெட்டி எண்ணெய் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் குடிபோகும். ஒன்று வற்றும், மற்றது வழியும். வெளியே ஒழுகுவதைப் பார்த்து ஆயில் சீலை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், காய்ந்துபோன கியர்பெட்டியைக் கவனிப்பதில்லை. ஆகவே இரண்டின் அளவையும் சேர்த்தே பாருங்கள். எண்ணெய் மாற்றும்போது ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றிவிட்டு, அப்புறம் வடிக்கும் போல்ட்டைத் தொடுங்கள். மேல் போல்ட் துருவேறி அசைய மறுத்தால், வடித்துக் காலியான பெட்டியோடு வண்டி அங்கேயே நிற்கும்.