உங்களுக்குத் தெரியுமா? சாரலுக்குள் ஒளிந்திருக்கும் சூடு!

25 டிகிரி காற்றில் வெற்றுடம்போடு நின்று பாருங்கள். சுகமோ சுகம்! அதே 25 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் நின்றால்? பல் தந்தியடிக்கும்! அசையாத காற்றைவிட அசையாத தண்ணீர் 23 மடங்கு சூட்டைக் கடத்துகிறது. குற்றாலத்தில் தலையில் விழுவதோ ஓடுகிற தண்ணீர். கணக்கு இன்னும் ஏறும்!

குளித்துவிட்டு வெடவெடவென்று நடுங்குகிறீர்களே, அது பலவீனம் இல்லை. உடம்பு தானாகப் போட்டுக்கொள்ளும் ஹீட்டர்! நடுக்கத்தில் உடல் உண்டாக்கும் வெப்பம் 5 மடங்கு வரை எகிறும்!

எண்ணெய் தேய்த்துக்கொண்டால் குளிராது என்பார்கள் பெரியவர்கள். தண்ணீரைவிட எண்ணெய் மூன்று மடங்குக்கும் மேல் மந்தமாகத்தான் சூட்டைக் கடத்தும், உண்மைதான். ஆனால் தோலில் ஒட்டியிருப்பது தாள் கனம்கூட இல்லையே! நான் பாட்டி பேச்சைக் கேட்டு நடுங்கியவன். இப்போது அந்தச் சந்தேகமே வேண்டாம், அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றுக்கும் தடை!

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் வெளியேற்றும் வெப்பம் சுமார் 100 வாட். ஒரு பழைய குண்டு பல்பு! பேரருவி வரிசையில் உங்களுக்கு முன்னால் 20 பேர் நின்றால், 2,000 வாட் கெய்சர் ஒன்று நிற்கிறது என்று அர்த்தம்!

அந்த வெப்பத்தில் பெரும்பங்கு எப்படிப் போகிறது? கதிர்வீச்சாக! ஆமாம், நீங்களும் ஒளிர்கிறீர்கள். அகச்சிவப்பில்! கண்ணுக்குத்தான் தெரியாது!

சாரல் குளிர்ச்சி என்று யார் சொன்னது? நீராவி மழைத்துளியாக மாறும்போது, தான் சுமந்து வந்த வெப்பம் முழுவதையும் மேகத்துக்குள்ளேயே கொட்டிவிட்டுத்தான் இறங்குகிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டர் மழை. அதாவது 10,000 டன் தண்ணீர். அது மேலே விட்டுவந்த வெப்பத்தை மின்சாரக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 68 லட்சம் யூனிட்! இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நமக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அப்படிப் பார்த்தால் 68,000 வீடுகளுக்கான இலவச மின்சாரம், ஒரே ஒரு சென்டிமீட்டர் மழையில்!

தரை சீக்கிரம் சுடும், கடல் மெதுவாகத்தான் சுடும். ஒரு கிலோ மணலைச் சூடாக்குவதைப்போல் ஒரு கிலோ தண்ணீருக்கு 5 மடங்கு வெப்பம் வேண்டும்! இந்த ஒரு வித்தியாசம்தான் தென்மேற்குப் பருவக்காற்றையே கிளப்பி, ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்காசிக்கு அனுப்புகிறது. காசி விசுவநாதர் கோயிலின் 180 அடி ராஜகோபுர வாசலில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, அது வெப்பச்சலனத்தின் கைவரிசை!

பிரானூர் பார்டர் கடைகளில் புரோட்டா தின்னாதவர் உண்டா? எந்த பார்டர் தெரியுமா? 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை தமிழ்நாட்டிலேயே இல்லை, எல்லைக் கோடு பிரானூரில்தான்!

புரோட்டாக் கல்லில் மாஸ்டர் தண்ணீர் தெளிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கல் மிதமாகச் சுட்டால் துளி உடனே சுர்ரென்று காணாமல் போகும். 200 டிகிரியைத் தாண்டிச் சுட்டால்? சாகாது! கோலிக்குண்டு மாதிரி உருண்டு உருண்டு ஆடும். தன் ஆவியையே மெத்தையாக விரித்துக்கொண்டு கல்லைத் தொடாமல் மிதக்கிறது! கல் அதிகம் சுட்டால் துளிக்கு ஆயுள் அதிகம்! இதை 1756-லேயே எழுதிவைத்தவர் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் டாக்டர். நம் மாஸ்டர்களுக்கு அவர் பெயர் தெரியாது. விஷயம் தெரியும்!

பக்கத்து அடுப்பில் கொதிக்கும் சால்னாவில் கொப்பளம் எவ்வளவு பெரியது? ஓர் எலுமிச்சம்பழம் அளவு. சூரியனும் இப்படித்தான் கொதிக்கிறது. அங்கே கொப்பளம் ஒவ்வொன்றும் சுமார் 1,000 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே கொப்பளத்துக்குள் அடங்கிவிடும்!

சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை உலகிலேயே முதலில் கண்டுபிடித்த ஊர் எது? நம் கொடைக்கானல்! ஆண்டு 1909. கண்டவர் ஜான் எவர்ஷெட். இன்றைக்கும் அதன் பெயர் எவர்ஷெட் விளைவுதான்!

டீக்கடைக்காரர் கையைத் தூக்கி ஆற்றுகிறாரே, நுரைக்காக மட்டும் இல்லை! நீட்டி ஊற்றும்போது டீ காற்றைத் தொடும் பரப்பு பெருகுகிறது, ஆவி பறக்கிறது, சூடு பறக்கிறது. ஊதிக் குடிப்பவர்கள் செய்வதும் அதே வேலைதான். கொஞ்சம் சத்தமாக!

மண்பானையில் 10 லிட்டர் தண்ணீர். அதில் ஒரே ஒரு டம்ளர் கசிந்து ஆவியானால் போதும். கணக்குப்படி மிச்சத் தண்ணீரை 11 டிகிரி குளிர்விக்க அந்த ஒரு டம்ளர் போதும்! கரண்ட் பில்? பூஜ்யம்!

பிரானூர் மர அறுவை மில்களில் குவிந்து கிடக்கும் மரத்தூளை அலட்சியமாகப் பார்க்காதீர்கள்! அமெரிக்காவின் பாஸ்டனில் குளத்தில் உறைந்த ஐஸ், பாய்மரக் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது இந்தத் தூளைப் போர்த்திக்கொண்டுதான்! 1833-இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது 180 டன். நான்கு மாதம். இரண்டு முறை பூமத்தியரேகையைத் தாண்டியாயிற்று. வந்து சேர்ந்தது சுமார் 100 டன்! சென்னைக்கு வந்த ஐஸைப் பூட்டிவைத்த கட்டடம் 1842-இல் எழுந்தது. இன்றைக்கும் மெரினாவில் நிற்கிறது. ஐஸ் ஹவுஸ்! இப்போது விவேகானந்தர் இல்லம்!

திருநெல்வேலியில் நடராஜருக்குத் தாமிர சபை. குற்றாலத்தில் சித்திர சபை. தாமிரம், எவர்சில்வரைவிட எத்தனை மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்? சுமார் 26 மடங்கு! எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் செம்பு பூசுவது அழகுக்கு இல்லை!

செம்பையே மிஞ்சும் கில்லாடி ஒன்று உண்டு. வைரம்! செம்பைப்போல் 5 மடங்கு! நகைக்கடையில் வைரத்தைத் தொட்டுப் பார்க்கும் பேனா சோதிப்பது ஜொலிப்பை அல்ல, சூடு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை!

உச்சிவெயிலில் பிராகாரக் கல்லில் கால் வைத்தால் துள்ளுகிறோம். பக்கத்திலேயே தென்னைநார் விரிப்பில் நடக்கிறோம். கல்லும் விரிப்பும் ஒரே சூட்டில் இருந்தாலும் இதுதான் கதி! கல் சட்டென்று கொடுக்கும், நார் கஞ்சத்தனமாகக் கொடுக்கும். அவ்வளவுதான் விஷயம்!

நட்சத்திரங்களுக்குள் ஒளியும் வெப்பமும் எப்படி நகர்கின்றன? இதற்கு ஒரு தமிழர் எழுதிய நூல்தான் இன்றும் ஆதாரம். சுப்ரமணியன் சந்திரசேகர், 1950! வெப்பச்சலனத்தை அலசி இன்னொரு தடிமனான நூல், 1961! நோபல் பரிசு 1983-இல். 

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வி. ராமநாதனின் முதல் வேலை என்ன? செகந்திராபாத்தில், ஃபிரிட்ஜிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது! பிடிக்காத வேலை. அமெரிக்கா போனார். 1975-இல் ஒரு குண்டைப் போட்டார். ஃபிரிட்ஜ் வாயுவான சி.எஃப்.சி.யின் ஒரே மூலக்கூறு, 10,000 கரியமில வாயு மூலக்கூறுகளுக்குச் சமமாக பூமியின் வெப்பக்கதிர்களைப் பிடித்துவைக்கும்! அதே கசிவு, அதே ஆள்!

தெளிந்த இரவில் மிகவும் குளிர்ந்த இடம் தரைதானே? பல நேரம் இல்லை! தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே, முழங்கால் உயரத்துக்குள்! 1932-இல் புனேயில் எல்.ஏ. ராம்தாஸ் இதைச் சொன்னபோது பலர் நம்பவே இல்லை. விளக்கம் கிடைக்க 60 ஆண்டு ஆனது!

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்த கதை. விழுகிற தண்ணீர் அடியில் மோதிச் சூடாகும் என்று தெரியுமா? 1847-இல் ஆங்கிலேயர் ஜூல் புதுமனைவியோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போனார். கையில் தெர்மாமீட்டர்! அருவியின் மேலும் கீழும் அளக்க ஆசை. நீர் நுரையாகச் சிதறி விழுந்ததால் பலிக்கவில்லை. 427 மீட்டர் விழுந்தால்தான் ஒரு டிகிரி ஏறும்! நம் பேரருவியைச் சுமார் 60 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன்.

0.14 டிகிரி! குற்றாலத்துக்குத் தெர்மாமீட்டர் வேண்டாம், துண்டு போதும்!