அம்மாவின் ஐந்து கட்டை

நண்பர் வீட்டுக் கூடத்தில் அன்று எட்டுப் பேர் கூடியிருந்தோம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் மேஜையில் இருந்தது. பரணிலிருந்து இறக்கிய ஏழு அங்குல ஸ்பூல் ஒன்றில், நண்பருடைய அம்மா அறுபதுகளில் பாடிய பாட்டு. அம்மா ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறவர். ஸ்விட்சைப் போட்டதும் வந்ததோ, தூக்கக் கலக்கத்தில் யாரோ ஒரு மாமா பாடுவதுபோல ஒரு குரல். “அன்றைக்கு அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கும்” என்றார் நண்பர். சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்தோம். மூன்று கட்டை.

கோளாறு தொண்டையில் இல்லை, மின்சாரத்தில். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. பழைய ரெக்கார்டர்கள் பலவற்றின் மோட்டார் அந்த ஹெர்ட்ஸ் கணக்கில்தான் ஓடும். ஆறு சுற்று சுற்ற வேண்டிய நேரத்தில் ஐந்துதான் சுற்றும். வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போனால் சுருதி சுமார் மூன்று அரைஸ்வரம் இறங்கும். ஐந்து கட்டை மூன்று கட்டையானது அப்படித்தான்.

வீட்டில் ஸ்பூலில் பதிவு செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது “எந்த மாடல் வாங்கலாம்?” என்று. நான் சொல்வது, இரண்டு மாதம் பழைய ஸ்பூல்களைக் கேளுங்கள், பிறகு பதியலாம் என்பதுதான். கேட்கத் தெரிவதற்குள் இயந்திரம் பாதி பிடிபட்டுவிடும்.

தூள் தடவிய காகிதம்

1928-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் காகித நாடாவில் இரும்புத் தூளைப் பூசி ஒலியைப் பதியும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1935-ல் ஏஈஜி நிறுவனம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னட்டோஃபோன் என்ற டேப் ரெக்கார்டரை வைத்தது. போர் முடிந்ததும் ஜாக் மல்லின் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் இரண்டு மேக்னட்டோஃபோன்களைப் பிரித்து ஊருக்கு அனுப்பி, 1946-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டிக் காட்டினார். பாடகர் பிங் கிராஸ்பி ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் பணம் போட்டார். 1948-ல் அதன் ஆம்பெக்ஸ் 200 ரெக்கார்டர் வந்தது. கிராஸ்பி பரிசளித்த இன்னொரு ஆம்பெக்ஸில், கிட்டார்க்காரர் லெஸ் பால் கூடுதலாக ஒரு ஹெட்டைப் பொருத்தினார். பதிந்ததன் மேலேயே இன்னொரு கிட்டாரை, மனைவி மேரி ஃபோர்டின் இன்னொரு குரலை அடுக்கினார். எட்டாவது அடுக்கில் பிசகினால் முந்தைய ஏழும் போச்சு. வீட்டில் உட்கார்ந்து பல குரல் பதிகிற பழக்கம் இந்தத் துணிச்சலில் பிறந்தது.

எதை வாங்குவது?

டேப் இடமிருந்து வலமாக மூன்று ஹெட்டுகளைத் தொட்டுக்கொண்டு போகும்: முதலாவது அழிக்கும், இரண்டாவது பதியும், மூன்றாவது படிக்கும். மூன்றும் தனித்தனியாக இருக்கும் ரெக்கார்டராகப் பாருங்கள். டேப்பில் உண்மையில் என்ன ஏறியிருக்கிறது என்பதைப் பதியும்போதே கேட்டுவிடலாம்.

நம் ஊர் மின்சாரத்துக்கு, ஸ்விட்சர்லாந்தின் ரிவாக்ஸ் ஏ77 (1967), பி77 (1977) இரண்டும் தோதானவை. டேப்பை இழுக்கும் மோட்டாரின் வேகத்தை அவற்றில் மின்னணுச் சுற்று கட்டுப்படுத்துகிறது. ஹெர்ட்ஸ் மாறினாலும் சுருதி மாறாது. டேப்பில் தனித்தனிப் பட்டைகளில், அதாவது டிராக்குகளில், அடுக்கிப் பதிய ஆசையிருந்தால் எழுபதுகளின் டியாக் ஏ-3340. நான்கு டிராக், பத்தரை அங்குல ரீல். முதலில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பதியலாம், லெஸ் பாலின் ஆபத்து இல்லாமல்.

“நன்றாக ஓடுகிறது” என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். ஓட்டிப் பாருங்கள். நாற்பது வருடத்தில் ரப்பர் பெல்ட் கருப்புப் பிசினாக உருகியிருக்கும். டேப்பை அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலர் இறுகியிருந்தால் நீண்ட ஸ்வரம் நடுங்கும். வீணை ஸ்பூல் ஒன்றைப் போட்டுக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். ஹெட்டின் முகத்தை நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டினால் ஹெட் தேய்ந்திருக்கிறது, விலகிவிடுங்கள்.

துடைப்பதில் தொடக்கம்

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில், காது குடையும் பஞ்சுக் குச்சி ஒரு பெட்டி. ஒவ்வொரு ஸ்பூலுக்கும் முன்னால் ஹெட்டையும் டேப் உரசும் உலோகப் பாகங்களையும் பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். ரப்பரில் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்டில் சேரும் காந்தத்தை அவ்வப்போது நீக்க ஒரு கருவி உண்டு. ரெக்கார்டரை அணைத்து, டேப்புகளை எட்ட வைத்து, கருவியைத் தூரத்திலேயே இயக்கி, மெல்லக் கொண்டுவந்து மெல்ல விலக்குங்கள். பக்கத்தில் வைத்தே அணைத்தால் காந்தம் இன்னும் ஏறும்.

பரண் ஸ்பூல்களை முதலில் மோந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அது அசிடேட் டேப், சிதையத் தொடங்கிவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே ரீலைப் பிடித்தால் அசிடேட் டேப் ஊடுருவித் தெரியும், பாலியெஸ்டர் தெரியாது. எழுபது, எண்பதுகளின் சில டேப்புகளில் தொல்லை வேறு. தூளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் கிறீச்சிட்டு ஹெட்டில் ஒட்டும். உடனே நிறுத்திவிடுங்கள். இவற்றைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் வாட்டிக் காப்பாற்றும் முறை இருக்கிறது. அது பழகியவர் கைவேலை, சமையலறை அடுப்புக்கு ஆகாது. அசிடேட் டேப்பை வாட்டவே கூடாது.

கணக்கு

வீட்டு ரெக்கார்டர்களில் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 3¾ அல்லது 7½ அங்குலம். ஏழு அங்குல ரீலில் சாதாரண டேப் 1200 அடி பிடிக்கும். 7½-ல் 32 நிமிடம், 3¾-ல் 64. வேகம் கூடினால் ஜாலராவின் கணீர் மங்காமல் பதியும், இரைச்சல் குறையும், பணம் இரு மடங்கு ஓடும். டிராக்கையும் கவனியுங்கள். இரு பக்கமும் பதிந்த கால் டிராக் டேப்பை அரை டிராக் ரெக்கார்டரில் போட்டால், மறுபக்கத்துப் பாட்டு தலைகீழாகக் கூடவே ஓடும்.

புது டேப் இன்றும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் தயாராகிறது. இங்கே வந்து சேரும்போது ஒரு ரீல் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். அதனால் பதிவுக்கு முன் மூன்று முறை ஒத்திகை பார்ப்பீர்கள், செல்போனில் ஒரு முறைகூடப் பார்க்காத நீங்கள்.

நண்பர் ரெக்கார்டரின் கதைக்கு வருகிறேன். மெக்கானிக் ஒருவர் மோட்டார் புல்லியைக் கழற்றி அளந்தார். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பருமனில் லேத்தில் ஒன்றைக் கடைந்து மாட்டினார். மறுபடியும் சுருதிப் பெட்டி. ஐந்து கட்டை. கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஸ்பூல் முழுக்க ஓடி முடிந்தது. திருப்பிச் சுற்றப் போன நண்பரின் கையைப் பிடித்தேன். சுற்றுக்குச் சுற்று ஒட்டியிருக்கும் டேப்பில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் லேசாக அச்சாகும். டேப்பின் தொடக்க முனை வெளியே இருந்தால் பாட்டு தொடங்கும் முன்பே அதன் நிழல் கேட்கும். கடைசி முனையான வால் வெளியே இருந்தால் நிழல் பாட்டின் பின்னால் மறைந்துகொள்ளும். ஓடி முடிந்த நிலையிலேயே, திருப்பிச் சுற்றாமல், பெட்டிக்குள் வைத்தோம்.

பெட்டி மேல் ‘அம்மா’ என்று மட்டும் இருந்தது. நண்பர் பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினார்: வேகம் 7½, அரை டிராக், வால் வெளியே, சுருதி ஐந்து கட்டை.