நரம்பு தேர்தலும் சுருதி கூட்டலும்

பண்டைத் தமிழில் நரம்பு என்னும் சொல் இசைத்துறையில் இரு பொருள் தரும். யாழிற் கட்டிய தந்தியும் நரம்பு. அதனின்று எழும் சுரமும் நரம்பு. கட்டிய நரம்புக்கு ஏற்பவே ஒலி பிறக்கும் என்பதைக் கருவி செய்தோர் கையாலும் செவியாலும் அறிந்திருந்தனர். இன்று பாஞ்சோ என்னும் கருவியைத் தாமே செய்ய முனைவோர் பெரும்பாலும் தடுமாறும் இடமும் இதுவே. குடமும் தண்டியும் செய்து முடித்தபின், எந்த நரம்பைக் கட்டுவது, எந்தச் சுருதியில் நிறுத்துவது என்னும் வினா எழுகின்றது.

இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, மிடறு என நால்வகையாகப் பகுப்பது நம் மரபு. பாஞ்சோவில் தோலும் நரம்பும் கூடி ஒலிக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்கள், கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் 17ஆம் நூற்றாண்டிலேயே சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, நரம்பு கட்டி இதனை இசைத்தனர். நம் யாழும் இத்தகையதே. அதன் பத்தர்மேல் தோற்போர்வை உண்டு என்பதைப் பொருநராற்றுப்படை விரித்துரைக்கின்றது. மலேசியாவில் மலாய் மக்கள் மீட்டும் ஒருவகைக் கம்புஸ், ஒரே மரக்கட்டையைக் குடைந்து முகப்பில் தோல் போர்த்தியது. ஆகவே பாஞ்சோ நமக்கு முற்றிலும் அயலான கருவியன்று.

தோலின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு. தைப்பூசத்தில் பத்துமலையில் உறுமி மேளம் கேட்டவர்க்கு அதன் முழக்கம் தெரியும். பறையைத் தீயிற் காய்ச்சுவோர்க்கு அதன் நெகிழ்ச்சியும் தெரியும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் தோல் தளரும். தளர்ந்தால் மேலிருக்கும் குதிரை அமிழும். நரம்பு இளகிச் சுருதி இறங்கும். எனவே நரம்பு தேர்வோர் முதலிற் கருத வேண்டுவது, அந்தத் தோலும் தண்டியும் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பதே.

நரம்பின் ஒலியை மூன்று நிலைகள் அறுதியிடுகின்றன: நீளம், எடை, இழுப்பு. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636இல் வெளியிட்ட நூலில் இவற்றின் தொடர்பை வகுத்தார். நீளத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு தானம் உயரும். நீளத்தை மாற்றாது அதே உயர்வைப் பெற இழுப்பை நான்கு மடங்காக்க வேண்டும். 'சற்றே முறுக்கினால் ஏறிவிடும்' என்று பிருடையைத் திருகுவோர் நரம்பை அறுப்பதும் தண்டியை வளைப்பதும் இதனால்தான்.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஒரே பொருளாலான, ஒரே நீளமுள்ள நரம்புகள் தடித்தவையாயினும் மெல்லியவையாயினும் ஏறத்தாழ ஒரே சுருதியில்தான் அறும். தடித்த நரம்பு மிகுதியாகத் தாங்கும்; ஆனால் அதன் எடையால் அதே சுருதிக்கு மிகுதியான இழுப்பும் வேண்டும். ஆகவே அறும் நரம்புக்கு மாற்றாகத் தடித்த நரம்பைக் கட்டுவதால் பயனில்லை. நீளத்தைக் குறைக்க வேண்டும். அல்லது சுருதியை இறக்க வேண்டும். பாஞ்சோவின் ஐந்தாம் நரம்பு குட்டையாக இருப்பதன் காரணமும் இதனால் விளங்கும். மிக உயர்ந்த ஒலியைத் தருவது அதுவே.

முழு நீளம் 65 செ.மீ. எனக் கொண்டு, எஃகு நரம்பு ஐந்தைக் கட்டி வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுப்பு 25 கிலோவைத் தாண்டும். கையாற் செய்த கருவிக்கு இது பெருஞ்சுமை. கடைகளிற் கிடைக்கும் நைலான் தூண்டில் நரம்பு இதற்கு ஏற்ற மாற்று. முதல் நரம்புக்கு 0.5 மி.மீ., இரண்டாவதற்கு 0.6, மூன்றாவதற்கு 0.7, நான்காவதற்கு 0.9, குட்டையான ஐந்தாவதற்கு 0.5 எனப் பருமன் கொண்டால், ஒவ்வொன்றின் இழுப்பும் மூன்று கிலோவை ஒட்டி அமையும். மொத்தம் ஏறத்தாழ 16 கிலோ. ஐந்தும் ஒத்த இழுப்பில் நின்றால் விரலுக்கும் இதம், தோலுக்கும் நலம்.

நரம்பின் தூய்மையும் நோக்கத்தக்கது. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றம் நான்கு என்பர் பழையோர். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் அவையில் சீவகன் யாழ்களை ஆராய்ந்து, நரம்பினுள் மயிர் இருப்பதைக் காட்டி விலக்குகின்றான். அது வெறும் புலமை விளையாட்டன்று. ஒரு நரம்பு நெடுகிலும் ஒரே தன்மையதாய் இல்லாவிடின், வெறுநிலையிற் சுருதி சேர்ந்தும் விரல் வைத்த இடத்திற் பிழைக்கும். நைலானிலும் கீறலோ மடிப்போ உள்ள பகுதியை நீக்கிவிட வேண்டும்.

இனிச் சுருதி. பாஞ்சோவின் பெருவழக்கான கூட்டு, நான்காம் நரம்பிலிருந்து முதல் நரம்புவரை, கீழ்ப் ப, ச, க, ப என நிற்கும். ஐந்தாம் நரம்பு மேல் ச. இன்று பலரும் கொள்ளும் ஒப்பீட்டின்படி இவை இளி, குரல், கைக்கிளை, இளி, குரல் ஆகும். இரண்டாம் நரம்பைச் சிறிது ஏற்றிக் கைக்கிளையை உழையாக்கினால் வேறொரு கூட்டுப் பிறக்கும். பாடலின் சுவையும் மாறும்.

இதனை அளவுகோல் கொண்டே கூட்டலாம். மூன்றாம் நரம்பைப் பாடுவோர் மிடற்றுக்கு இசைந்த குரலில் நிறுத்துக. மேருவிலிருந்து 13 செ.மீ. தொலைவில் அதனை அழுத்தினால் கைக்கிளை ஒலிக்கும். இரண்டாம் நரம்பை அதனோடு சேர்க்க. 16¼ செ.மீ.இல் உழை, 21⅔ செ.மீ.இல் இளி, அது முதல் நரம்புக்கு உரியது. 32½ செ.மீ.இல் மேற்குரல், அது ஐந்தாவதற்கு. நான்காம் நரம்பை 16¼ செ.மீ.இல் அழுத்தும்போது மூன்றாவதன் வெற்றொலி கேட்குமாறு அமைக்க. அழுத்துகையில் நரம்பு சற்று இழுபடும். ஆதலின் முடிவாகச் செவியே தீர்ப்புச் சொல்ல வேண்டும். புதிய நைலான் சில நாள் நெகிழ்ந்துகொண்டே இருக்கும். அதுவரை அடிக்கடி கூட்டுதல் வேண்டும். கைப்பேசிச் செயலி சுருதியைக் காட்டும். ஆயினும் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை அது கற்பிப்பதில்லை.

தமிழாசிரியர்க்கு இதனால் ஒரு பயன் உண்டு. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு மகளிர்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகின்றாள். மாணவர் இப்பெயர்களை மனனம் செய்கின்றனர். குரலுக்கு இளி எவ்வாறு ஒலிக்கும் என்பதைக் கேட்டறிந்தவர் சிலரே. யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆயின. விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து இயற்றிய யாழ்நூல், 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்தது. கணக்காலும் இலக்கியத்தாலும் அவர் மீட்ட இசைநிலைகளைக் கண்ணாற் படிப்பதோடு நின்றால் பாதிப் பயனே கிட்டும். ஒரு சுரைக்குடுக்கை, ஒரு தோல், ஐந்து முழத் தூண்டில் நரம்பு, ஓர் அளவுகோல் ஆகியவை இருந்தால் வகுப்பறையில் இளி ஒலிக்கும். அதன்பின் சிலப்பதிகார உரையைப் படிக்கும் மாணவர்க்கு அச்சொல் வெறும் பெயராக இராது.