ஒரு பெட்டி பழுதானால் பாசனம் நிற்க வேண்டுமா?

சித்திரை வெயிலில் பூவும் பிஞ்சுமாக நிற்கும் தக்காளிக்கு நான்கைந்து நாள் தண்ணீர் தவறினால் பூ உதிரும், காய் சிறுக்கும். பாலக்கோடு, காரிமங்கலம் பகுதி விவசாயிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சோலார் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பேனலும் மோட்டாரும் நன்றாக இருக்கும்; ஆனாலும் தண்ணீர் வராது. இடையில் இருக்கும் கன்ட்ரோலர் பழுதாகியிருக்கும்.

பேனல் தருவது டி.சி. மின்சாரம். ஏ.சி. மோட்டாருக்கு ஏற்ப அதை மும்முனை மின்சாரமாக மாற்றி, வெயிலுக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைப்பது கன்ட்ரோலர்தான். மொத்தப் பாசனமும் இந்த ஒரே பெட்டியை நம்பி நிற்கிறது.

பெரிய மின் நிலையங்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கின்றன. புகளூரில் இருந்து கேரளாவின் திருச்சூருக்கு 2,000 மெகாவாட் மின்சாரம் கொண்டுசெல்லும் 320 கிலோவோல்ட் டி.சி. மின்பாதை 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கு மின்சாரத்தை மாற்றுவது ஒரே பெரிய கருவி அல்ல. வரிசையாகக் கோத்த சிறு சிறு மாடுல்கள். தேவைக்கு மேல் சில மாடுல்கள் உபரியாகவும் இருக்கும். ஒன்று பழுதானால் சுவிட்ச் அதை ஒதுக்கிவிடும், மின்பாதை நிற்காது. பராமரிப்பு நாளில் பழுதான மாடுலை மட்டும் மாற்றுவார்கள்.

நம் 5, 7.5 எச்.பி. பம்புக்கு அவ்வளவு தேவையில்லை. 'உபரியாக ஒன்று' என்ற கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அருகருகே உள்ள ஐந்து விவசாயிகள் ஒரே நிறுவனம், ஒரே எச்.பி., ஒரே வகை மோட்டார் என வாங்கினால், ஐவருக்கும் பொதுவாக ஒரு கன்ட்ரோலர் இருப்பு வைத்தால் போதும். பழுதானதைக் கழற்றி அனுப்பிவிட்டு மறுநாளே தண்ணீர் பாய்ச்சலாம். மாற்றும் வேலையை நிறுவனத்தின் டெக்னீஷியன்தான் செய்ய வேண்டும். இல்லையேல் வாரண்டி போய்விடும்.

பெட்டியின் ஆயுளைக் கூட்டும் வழிகள்:

* நேரடி வெயில் படாமல், காற்றோட்டமான நிழலில் பொருத்துங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளிருக்கும் கண்டன்சரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.
* வயர் நுழையும் துளைகளை அடைத்து வையுங்கள். பல்லி, எறும்பு புகாது.
* இடி மின்னலால் வரும் அதிக மின்னழுத்தத்தைத் தாங்கும் சர்ஜ் அரெஸ்டர், தனியே கழற்றி மாற்றும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். எர்த் குழியைக் கோடையிலும் ஈரமாக வையுங்கள்.
* பகலில் நீங்களே பெட்டியைத் திறக்காதீர்கள். மோட்டார் நின்றிருந்தாலும் பேனல் வயரில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் இருக்கும்.

2019இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில் வேளாண் பொறியியல் துறை மூலம் 60 சதவீத மானியத்தில் பம்ப்செட் வாங்கியவர்களுக்கு 5 ஆண்டு பராமரிப்பும் உண்டு. பழுதானதும் நிறுவனத்தில் புகாரைப் பதிவு செய்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதமானால் அந்த எண்ணுடன் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகலாம். புதிதாக விண்ணப்பிப்பவர்கள், நிறுவனத்தைத் தேர்வு செய்யும் முன் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.