கடாரக் கரையில் கைதிகள் – 9: காட்டுக்குள் இருந்தவர்கள்

சென்ற வாரம் தூத்துக்குடியில் நிறுத்தியிருந்தோம். 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியோடு 72 பேரைக் கம்பெனி கப்பலேற்றியது. கப்பல் போய்ச் சேர்ந்த இடம் பினாங்கு. சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றுக்கொண்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1818-இல் பினாங்கில் துரைசாமியை மறுபடி பார்த்தார். தம்மைத் தேடி வந்து நின்ற அந்தத் தளர்ந்த உருவம் யாரென்று முதலில் அவருக்குத் தெரியவில்லை. துரைசாமிக்கு அப்போது முப்பது வயதுக்குச் சற்று மேல்தான்.

நம் மேடைகளில் இந்தக் கதை இத்தோடு முடிந்துவிடும். அவர் வந்து இறங்கிய மண்ணில் முன்பு யார் இருந்தார்கள் என்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

தாள்களில் பினாங்கு கடா சுல்தானுடையது. சயாமுக்கு எதிராகப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பி சுல்தான் அப்துல்லா அதை விட்டுக்கொடுக்க, 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் கொடியேற்றினார். பாதுகாப்பு வரவில்லை. தீவை மீட்க சுல்தான் பிறையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கினார். 1791-இல் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று உடன்படிக்கை. 1800-இல் எதிர்க்கரையான செபராங் பிறையும் போனது, தொகை 10,000 ஆனது. அந்தப் பத்தாயிரம் நம் காலம் வரை கடாவுக்கு வந்துகொண்டிருந்தது என்பது பலருக்கு வேடிக்கையாக இருக்கும். சுல்தானுக்குக் கிடைத்தது சொற்பம். காட்டில் இருந்தவர்களுக்கு அந்த உடன்படிக்கைகளில் ஒரு வரிகூட இல்லை.

நிலம் கிடைத்தது, ஆள் வேண்டும். 1790-ஐ ஒட்டி இந்தியக் கைதிகள் பினாங்குக்கு வரத் தொடங்கினார்கள். வங்காளம், பம்பாய், மதராஸ் என்று மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்தார்கள். சதுப்பைத் தூர்த்ததும், செங்கல் அறுத்ததும், சாலை போட்டதும் அவர்கள்தான். பெங்கூலுவிலிருந்து 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு முதலில் கொண்டுவரப்பட்ட 80 கைதிகளும் மதராஸ் மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். சாலை எங்கே போனதோ அங்கே மிளகுத் தோட்டம் போனது, பிறகு கரும்பு போனது. கரும்புக்கு ஒப்பந்தத் தமிழர்கள் வந்தார்கள். 1909-இல் கடா சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறிய பிறகு கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் எங்கும் பால்மரம். நம் பாட்டன் பூட்டன்களின் லயங்கள் நின்றது இப்படித் திறந்துவிடப்பட்ட காட்டில்தான்.

அந்தக் காட்டில் செமாங் மக்கள் இருந்தார்கள். குட்டையான உருவம், சுருட்டை முடி, கையில் ஊதுகுழல். ஓரிடத்தில் நிலைத்துத் தங்காத வாழ்க்கை. செபராங் பிறையின் ஜூருவில் இருந்த செமாங்குகள் பேசிய சொற்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய ஜூரு நெடுஞ்சாலையும் தொழிற்சாலையுமாக இருக்கிறது. அந்த மக்களில் ஒருவரும் அங்கே இல்லை. அவர்கள் துன்பம் வெள்ளையரோடு தொடங்கியதும் அல்ல. அடிமை பிடிப்பவர்களுக்கு அஞ்சி அவர்கள் உள்ளே உள்ளே போன காலம் அதற்கும் முந்தியது. தோட்டங்கள் வந்தபின் திரும்பி வர இடமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

கைதியைக் கொண்டு குடியேற்றம் நடத்தினால் பூர்வகுடிக்கு என்ன ஆகும் என்பதை அப்பட்டமாகக் காட்டுவது அந்தமான். பினாங்குக்கும் அதற்கும் பழைய தொடர்பு. 1789-இல் அங்கே தொடங்கிய முதல் குடியேற்றம் நோயால் தள்ளாடி 1796-இல் கைவிடப்பட்டபோது, அங்கிருந்த கைதிகளை ஏற்றிவந்து இறக்கியது பினாங்கில்தான். சிப்பாய் கலகத்துக்குப் பின் 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு போர்ட் பிளேயர் மறுபடி திறக்கப்பட்டது. அங்கிருந்து தப்பிய துத்நாத் திவாரி என்ற கைதியைத் தீவுவாசிகள் கொல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள், பெண்ணும் கொடுத்தார்கள். ஓராண்டு அவர்களோடு வாழ்ந்தவர், 1859 மே மாதம் அவர்கள் குடியேற்றத்தைத் தாக்கப் புறப்பட்டபோது முன்னால் ஓடிவந்து வெள்ளையரிடம் சொல்லிவிட்டார். அபர்தீன் சண்டையில் வில்லும் அம்பும் துப்பாக்கி முன் தோற்றன. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவரைத் துரோகி என்று எழுதக் கை வரவில்லை. விலங்கிலிருந்து விடுபட அவருக்கு இருந்த ஒரே விலை அது. ஆனால் அந்த விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அடுத்து மேகநோய் பரவியது. 1877-இல் தட்டம்மை வந்தது. சில ஆயிரம் பேராக இருந்த பெரிய அந்தமானியர்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். நம் பக்கத்துக் கைதிச் சிறைகள் 1873-இல் மூடப்பட்டபோது எஞ்சியவர்களை அனுப்பியதும் அதே அந்தமானுக்குத்தான்.

கடாவில் அப்படிச் சண்டை நடக்கவில்லை. ஆனாலும் இன்று இந்த மாநிலத்தில் எஞ்சியிருக்கும் பூர்வகுடி கென்சியூ மட்டும்தான். பாலிங் மாவட்டத்தில் தாய்லாந்து எல்லையை ஒட்டி, லூபோக் லெகோங் என்ற ஒரே கிராமத்தில் சில நூறு பேர் இருக்கிறார்கள். உலு லெகோங் வெந்நீர் ஊற்றுக்குப் பள்ளி விடுமுறையில் வேன் பிடித்துப் போகும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் அந்தக் கிராமத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

சட்டமும் அவர்களை நெடுங்காலம் மரத்தைக் கொண்டே அளந்தது. 1954-ஆம் ஆண்டின் பூர்வகுடிச் சட்டப்படி, நிலத்தை அரசு எடுத்துக்கொண்டால் அதில் நிற்கும் பழமரத்துக்கும் பால்மரத்துக்கும் இழப்பீடு உண்டு. நிலத்துக்கென்று சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் சேர்ந்து போன நம்மவர்களுக்கு இதன் வலி புரியாததல்ல. இதை முதலில் அசைத்தது ஜொகூர் ஜக்குன் மக்களின் வழக்கு. லிங்கியூ அணைக்காக இழந்த மூதாதையர் காட்டுக்கு நியாயம் கேட்டு, அடோங் பின் குவாவ் என்பவரும் உடன் இருந்தவர்களும் மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1990-களின் நடுவில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. நீதிபதி முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று 1992-ஆம் ஆண்டின் மாபோ தீர்ப்பு. கைதிகளை இறக்கித் தொடங்கிய இன்னொரு நாடான ஆஸ்திரேலியா, அங்கே நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற வாதத்தை இருநூறு ஆண்டு கழித்துக் கைவிட்ட தீர்ப்பு அது.

(தொடரும்)