சவரச் சோப்பு நுரைக்கவில்லையா? குறை எங்கே என்று பார்ப்போம்



மளிகைக் கடைக்குத் திரும்பி வரும் சரக்குகளில் சவரச் சோப்பும் ஒன்று. "நுரையே வரவில்லை, போலிச் சரக்கு போலிருக்கிறது" என்று வாடிக்கையாளர் கட்டியை மேசைமேல் வைப்பார். நாமும் பேச்சை வளர்க்காமல் வேறொரு கட்டியை மாற்றிக் கொடுத்து அனுப்புவோம். அதுவும் அவர் வீட்டில் நுரைக்காது. அடுத்த மாதம் அவர் டப்பாவில் வரும் நுரையை வேறு கடையில் வாங்கிக் கொள்வார். பிளேடு, படிகாரம் முதல் வீட்டு மளிகை வரை எல்லாம் அந்தக் கடைக்கே போய்விடும். ஒரு கட்டியின் விலை சிறிது. போன வாடிக்கை பெரிது.

உண்மையில் இப்படித் திரும்பி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை நல்ல சரக்கே. குறை தண்ணீரில் இருக்கும், அல்லது நுரை எழுப்பும் முறையில் இருக்கும். அதை எடுத்துச் சொல்லத் தெரிந்தால் சரக்கும் தங்கும், வாடிக்கையாளரும் தங்குவார்.

கட்டிக்குள் என்ன இருக்கிறது?

குளியல் சோப்பு எண்ணெய், கொழுப்புடன் காஸ்டிக் சோடா சேர்த்துச் செய்யப்படுவது. சவரச் சோப்பில் காஸ்டிக் சோடாவுடன் காஸ்டிக் பொட்டாஷும் சேரும். பொட்டாஷ் சேர்ந்த சோப்பு மென்மையாக இருக்கும், தண்ணீரில் சீக்கிரம் கரையும். ஸ்டியரிக் அமிலம் சவரச் சோப்பில் அதிகம். நுரை கெட்டியாக நின்று, சவரம் முடியும்வரை அடங்காமல் இருப்பது அதனால்தான். தேங்காய் எண்ணெய் நுரையைச் சட்டென்று எழுப்பும். கிளிசரின் நுரை காயாமல் ஈரம் காக்கும். குளியல் சோப்பைத் தேய்த்துச் சவரம் செய்பவர் முகத்தில் நுரை பாதியிலேயே காய்ந்து எரிச்சல் உண்டாவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

தண்ணீரே முதல் காரணம்

ஆழ்குழாய்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். இவை சோப்புடன் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத வெள்ளைத் திரிதிரியான கசடாக மாறிவிடும். குளியலறை வாளியின் ஓரத்தில் ஒட்டுவது இந்தக் கசடே. தண்ணீரில் உள்ள உப்பு முழுவதும் இப்படிச் சோப்பைத் தின்று தீர்த்த பிறகே நுரை எழும்பத் தொடங்கும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. 600 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர், மூன்றரை கிராமுக்கு மேல் சோப்பை நுரையாகாமல் வீணாக்கிவிடும். ஒரு முறை சவரத்துக்குத் தேவையான சோப்பைவிட இது அதிகம்.

இதற்கு வழி எளிது. முகம் கழுவ எந்தத் தண்ணீரும் ஆகட்டும். பிரஷை நனைக்கவும் நுரை எழுப்பவும் மட்டும் ஒரு டம்ளர் மழைத் தண்ணீரோ, கேன் தண்ணீரோ, சுத்திகரித்த தண்ணீரோ போதும். அதுவும் இல்லாதவர்கள் தண்ணீரைக் காய்ச்சி ஆறவிட்டு, அடியில் வெள்ளைப் படிவு தங்கியபின் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். காய்ச்சுவதால் கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும், முழுவதும் போகாது.

கடையிலேயே ஒரு சோதனை

வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது மேல். ஒரே அளவான இரண்டு சிறு பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வாடிக்கையாளர் வீட்டுத் தண்ணீர், மற்றதில் கேன் தண்ணீர், இரண்டும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். அவர் திருப்பிக் கொண்டுவந்த அதே கட்டியிலிருந்து சம அளவு சீவல் எடுத்து இரண்டிலும் போட்டு, கரையும்வரை குலுக்குங்கள். ஒன்றில் நுரை எழும்பி, மற்றது பால் திரிந்தது போல் கலங்கினால் குறை தண்ணீரில் என்று அவரே சொல்லிவிடுவார். கேன் தண்ணீரிலும் நுரை வரவில்லையென்றால் சந்தேகம் சரக்கின்மேல் போக வேண்டும். அப்போது தொகுதி எண்ணையும் தயாரித்த தேதியையும் குறித்துக்கொண்டு, தயங்காமல் விநியோகஸ்தரிடம் திருப்பி அனுப்புங்கள்.

ஷாம்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். ஷாம்பு செய்யப்படும் பொருள் வேறு. கால்சியம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

நுரை எழுப்பும் முறை

1. பிரஷை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட வேண்டும். அதற்குள் முகத்தையும் நன்றாக நனைத்துவிட்டால் முடி தண்ணீர் குடித்து மெதுவாகும்.

2. பிரஷை இரண்டு மூன்று முறை உதற வேண்டும். சொட்டச் சொட்டத் தேய்ப்பதே பலர் செய்யும் தவறு.

3. கட்டியின்மேல் 20 முதல் 30 விநாடி வரை வட்டமாகச் சுழற்ற வேண்டும். பிரஷின் நுனியில் பசைபோல் சோப்பு ஏற வேண்டும்.

4. அதன்பின் முகத்திலோ கிண்ணத்திலோ தேய்த்து, இடையிடையே சில சொட்டுத் தண்ணீர் மட்டும் சேர்த்து வர வேண்டும். ஒரு நிமிடத்தில் நுரை திரண்டு வரும்.

பெரிய பெரிய குமிழியாக வந்து உடனே அடங்கினால் தண்ணீர் அதிகம், சோப்பு குறைவு. மறுபடி கட்டியில் தேய்க்க வேண்டும். மாவுபோல் ஒட்டி இழுத்தால் தண்ணீர் போதவில்லை. கெட்டித் தயிர்போல் பளபளப்பாக, விரலால் தொட்டால் வழுக்கினால் பதம் சரி. பிளேடு வழுக்கிச் செல்ல உதவுவது இந்தப் பதமே.

பிரஷ் விற்கும்போதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பன்றிமுடிப் பிரஷ் தண்ணீரை உறிஞ்சும். புதிதில் சற்று விறைப்பாக இருந்து, பழகப் பழகத்தான் மெதுவாகும். நைலான் பிரஷின் இழை தண்ணீரை உறிஞ்சாது. அதற்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். எதுவானாலும் வேலை முடிந்ததும் அலசி, உதறி, காற்றில் காயவிட வேண்டும்.

படிகாரத்தில் கவனம்

சோப்போடு படிகாரமும் விற்கிறோம். படிகாரத்தில் உள்ள அலுமினியமும் சோப்பைத் திரியவைக்கும். படிகாரக் கட்டியை முக்கிய குவளைத் தண்ணீரிலேயே பிரஷை நனைத்தால் எந்தச் சோப்பும் நுரைக்காது. சவரம் முடிந்து முகம் கழுவிய பிறகே படிகாரம்; அதற்குத் தனித் தண்ணீர் என்று சொல்லிக் கொடுங்கள்.

இருப்பு வைக்கும்போது

சவரச் சோப்பை வெயில் படும் அலமாரியில் வைத்தால் காய்ந்து வெடிக்கும், மணம் போகும். தேயிலை, ரவை, அரிசி அருகில் வைத்தால் சோப்பு வாசனை அவற்றில் ஏறி, அவையும் திரும்பி வரும். முதலில் வந்த சரக்கை முதலில் விற்றுவிடுங்கள்.

கட்டியைக் கொடுக்கும்போதே, "அண்ணே, வீட்டில் என்ன தண்ணீர்? போர்த் தண்ணீர் என்றால் நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பிரஷை உதறிவிட்டுத் தேய்யுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். பையனுக்கும் இதைப் பழக்கி வையுங்கள். ஒரு கட்டி பல மாதம் உழைக்கும் சரக்கு. அது நன்றாக நுரைக்கும்வரை பிளேடுக்கும் மற்ற சாமானுக்கும் அவர் நம் கடைக்கே வருவார்.