அடுத்தவர் படத்துக்குக் கருத்துச் சொல்லும்போது

ஹ்விடோவ்ரேயிலிருந்து பேசுகிறேன். அடுத்தவர் எடுத்த புகைப்படத்தை நாலுபேர் முன்னால் எப்படி விமர்சிப்பது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

டென்மார்க்கிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2009இல் இங்குள்ள பத்திரிகைப் புகைப்படக்காரர் சங்கத்தின் ஆண்டுப் போட்டிக்கு, கிளௌஸ் பூ கிறிஸ்டென்சன் ஹெயிட்டியில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தார். நிறங்கள் மிகவும் தூக்கலாக இருந்தன. கமராவுக்கு முன்னால் நடந்ததைப் படம் உண்மையாகக் காட்டவேண்டும், ஒளியையும் நிறத்தையும் அளவோடு திருத்தலாம் என்பது போட்டி விதி. நடுவர்கள் கமராவில் பதிவான மூலக்கோப்புகளைக் கேட்டு வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவரைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். இரண்டு வடிவங்களையும் வெளியிட அவரும் சம்மதித்தார். அதனால்தான் மற்றவர்களும் கண்ணால் பார்த்து விவாதிக்க முடிந்தது.

அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். விதி முன்பே இருந்தது. பிறகு கேள்வி, ஆதாரம், கடைசியில் தீர்ப்பு. தீர்ப்பு கடுமையானதுதான். ஆனால் அது படத்தின் நிறத்தைப் பற்றியது. மரியாதை என்றால் பூசி மெழுகுவது என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை.

இன்னொரு படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கெவின் கார்ட்டர் சூடானில் எடுத்தது: சுருண்டு கிடக்கும் பிள்ளை, பின்னால் ஒரு கழுகு. 1993 மார்ச்சில் நியூயோர்க் டைம்ஸில் வந்தது. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று வாசகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி, பத்திரிகையும் சில நாட்களில் விளக்கம் வெளியிட்டது. ஆனால் வேறு சிலர், படம் எடுத்தவரே இன்னொரு கழுகு என்றார்கள். கழுகைத் துரத்திவிட்டதாகக் கார்ட்டர் சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை. 1994இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் தற்கொலை செய்துகொண்டார். கடன், நண்பரின் மரணம், கண்ட கொலைகளின் நினைவு என்று பல சுமைகள் அவருக்கு இருந்தன. விமர்சனம்தான் கொன்றது என்று சொல்ல முடியாது. ஆனால் சொன்னவர்களுக்கு அந்தச் சுமைகள் தெரியாமல் இருந்திருக்கலாம்.

தாதியர் ஒரு காயத்தை ‘மோசம்’ என்று குறித்துவைப்பதில்லை. எத்தனை சென்ரிமீற்றர், என்ன நிறம், கசிவு உண்டா என்று எழுதுவோம். அடுத்து வேலைக்கு வருபவருக்கு அதுதான் உதவும். படத்துக்கும் அப்படித்தான். ‘சரியில்லை’ என்றால் எடுத்தவருக்கு ஒன்றும் விளங்காது. ‘முகத்தில் வெளிச்சம் இல்லை, யன்னல் பக்கம் திருப்பியிருந்தால் கண் தெரிந்திருக்கும்’ என்றால் அடுத்த படம் நன்றாக வரும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. படத்தைப் பார்த்தவுடன் ‘மெலிஞ்சு போனீங்கள்’, ‘கறுத்துப் போனாள்’ என்போம். அக்கறைதான். ஆனால் மெலிந்தவர் வெளியே சொல்லாமல் புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கலாம். எல்லோரும் பார்க்கும் இடத்தில் அவர் என்ன பதில் சொல்வார்? தொலைபேசியில் கூப்பிட்டு, ‘சுகமா அக்கா?’ என்று கேட்கலாமே.

கருத்துக் கேட்டு வைத்த படமா, நினைவுக்காக வைத்த படமா என்றும் பாருங்கள். செத்தவீட்டுப் படத்தில் கோணம் பிழை என்று சொல்ல யாரும் தேவையில்லை. பழகுபவர் கருத்துக் கேட்டால், தயங்காமல் குறையைச் சொல்லுங்கள். சொல்லாமல் விடுவதும் அவருக்குச் செய்யும் உதவி அல்ல.